ஆரஞ்சுப் பூ மில்க்வீட்: கேள்வி பதில்

அமெரிக்கப் புல்வெளி மாநிலங்களில் தானாக வளரும், நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆரஞ்சுப் பூ பூக்கும் பட்டர்ஃப்ளை மில்க்வீடை வீட்டுத் தோட்டத்தில் வைக்க விரும்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

நேப்பர்வில், இல்லினாய்: அக்கா, மே மாதம் விதை போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டுப்போனதா?

விதையில் குறை இருக்காது. அதற்குக் குளிர் படவில்லை, அவ்வளவுதான். ஈரமான குளிரில் ஒரு மாதமாவது கிடந்தால்தான் இந்த விதைக்கு உறக்கம் கலையும். ஈர மணலில் கலந்து, பையில் போட்டு, ஃபிரிட்ஜில் 30 நாள் வைத்துவிட்டு விதையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம். எனக்குப் பிடித்த வழி இதைவிடச் சுலபம்: நவம்பரில், தரை உறைவதற்கு முன், புல்லை நீக்கிய வெறும் மண்ணில் தூவி, காலால் லேசாக அழுத்திவிட்டுப் போய்விடுவது. மிச்ச வேலையைப் பனி பார்த்துக்கொள்ளும். விதையில் வளர்ந்த செடி முதல் வருடம் பூக்காது. இரண்டாம், மூன்றாம் கோடையில்தான் பூக்கும்.

மேடிசன், விஸ்கான்சின்: எங்கள் வீட்டில் களிமண். நிறைய கம்போஸ்ட் போட்டு நர்சரிச் செடி வைத்தேன். குளிர்காலம் முடிந்து மே வந்துவிட்டது, செடியைக் காணோம்.

முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். இது தாமதமாக எழும் செடி. பக்கத்துச் செடியெல்லாம் தழைத்த பிறகும் இது தலைகாட்டாது. மே கடைசி வரை பாருங்கள். செத்துவிட்டது என்று தோண்டி, உயிரோடிருந்த வேரை வெட்டியவர்கள் நிறைய பேர். பழைய தண்டை இலையுதிர்காலத்தில் வெட்டாமல் விட்டால் இடமும் மறக்காது.

அப்படியும் வராவிட்டால் வேர் அழுகியிருக்கும். இதற்குக் கீழே தடித்த ஆணிவேர். குளிரை அது தாங்கும், குளிரோடு தேங்கும் ஈரத்தைத் தாங்காது. கம்போஸ்ட் போட்டால் களிமண் இன்னும் ஈரம் பிடித்து வைக்கும். நம் ஆட்களுக்கு எரு போடாமல், தண்ணீர் ஊற்றாமல் இருப்பது கஷ்டம்தான், ஆனால் இந்தச் செடிக்கு அதுதான் பராமரிப்பு. மணலும் சரளையும் கலந்து மேடு கட்டி, நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் வையுங்கள். வேர் பிடிக்கும் முதல் கோடையில் மட்டும் தண்ணீர். மேடு கட்ட முடியாதென்றால் களிமண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள். இளஞ்சிவப்புப் பூ பூக்கும் ஸ்வாம்ப் மில்க்வீட் ஈரத்தில் சந்தோஷமாக வளரும்.

ஒமாஹா, நெப்ராஸ்கா: வீடு மாறுகிறோம். வளர்ந்த செடியைத் தோண்டி எடுத்துப் போகலாமா?

வேண்டாம். ஆணிவேர் அறுந்தால் பிழைப்பது அரிது. விதையை எடுத்துப் போங்கள். காய் பழுப்பாகி வெடிக்கும் தருவாயில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் பஞ்சோடு பறந்துவிடாது.

டெ மாயின், அயோவா: தண்டு முழுக்க மஞ்சள் பூச்சி. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

அது அசுவினி. ஊரில் அரளியிலும் எருக்கிலும் அப்பிக் கிடக்குமே, அதே வகைதான். பார்க்கச் சகிக்காது, ஆனால் நன்றாக வளர்ந்த செடியைக் கொல்லாது. வேப்பெண்ணெய் வேண்டாம், இந்த இலையைத் தின்று வளரும் மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவையும் அது பாதிக்கும். இலையின் அடியில் குண்டூசித் தலை அளவில் வெளிர்நிற முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹோஸ் பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அப்புறம், நர்சரியில் செடி வாங்கும்போதே நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிக்கொல்லி மருந்து போட்டதா என்று கேளுங்கள். அந்த மருந்து இலைக்குள்ளேயே ஊறியிருக்கும், கழுவினால் போகாது.

செயின்ட் லூயிஸ், மிசூரி: மோனார்க் வருகிறது, தேன் குடிக்கிறது, முட்டை வைக்காமல் போய்விடுகிறது. ஏன் அக்கா?

வைக்கவே வைக்காது என்றில்லை. ஆனால் காமன் மில்க்வீடும் ஸ்வாம்ப் மில்க்வீடும் அதற்கு இதைவிடப் பிடிக்கும். பக்கத்தில் ஸ்வாம்ப் வகை இரண்டு வையுங்கள். காமன் வகை மண்ணுக்கடியில் ஓடிப் பரவும், சிறிய தோட்டத்துக்கு ஒத்துவராது. இன்னொன்று: மெக்சிகோவின் மிச்சோவகான் மலைக்காடுகளுக்கு மோனார்க் கிளம்பும் செப்டம்பரில் இந்தச் செடியில் பெரும்பாலும் பூ முடிந்திருக்கும். அந்த நேரத்துத் தேனுக்கு ஆஸ்டரும் கோல்டன்ராடும் வேண்டும்.

ஹூஸ்டன், டெக்சாஸ்: கடையில் வாங்கிய சிவப்பு மஞ்சள் பூச்செடி குளிர்காலத்திலும் பட்டுப்போவதில்லை. இதுதானே அது?

இல்லை, அது டிராப்பிகல் மில்க்வீட். கிள்ளிப் பாருங்கள், வெள்ளைப் பால் வரும். நான் சொல்லும் செடியில் நிறமில்லாத சாறுதான் வரும், தண்டிலும் சொரசொரவென்று முடி இருக்கும். உங்கள் ஊரில் அது வருடம் முழுக்கப் பச்சையாக நிற்பதால், மோனார்க்கைத் தாக்கும் ஓஈ என்ற ஒட்டுண்ணியின் வித்துகள் இலையில் சேர்ந்துகொண்டே போகும். எடுத்துவிட்டு உள்ளூர் வகை வைப்பது நல்லது. மனம் வராவிட்டால் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை தரையோடு வெட்டிக்கொண்டே இருங்கள்.

கோயம்புத்தூர்: மகள் சிகாகோவில் இருக்கிறாள். விதை கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள் ஐயா. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தாலும் அந்தக் குளிர் கோயம்புத்தூரில் கிடைக்காது. வேலியோரத்து எருக்கை வெட்டாமல் விடுங்கள். மோனார்க்குக்கு உறவான வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டை வைக்கும். பாலைத் தொட்ட கையால் மட்டும் கண்ணைத் தேய்க்காதீர்கள்.