லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் விமானத்தில் எவ்வளவு தூரம்? போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆவது ஏன்?

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு நேர் தூரம் சுமார் 5,550 கி.மீ. போகும்போதும் வரும்போதும் தூரம் அதேதான். ஆனால் லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரமும், திரும்பி வர ஏழு மணி நேரமும் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் காற்று. அட்லாண்டிக்குக்கு மேலே, விமானங்கள் பறக்கும் பத்து கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு மாதிரி காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதைத்தான். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போனாலும், அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருப்பதால் தரையை வைத்துப் பார்த்தால் வேகம் வேறு. நியூயார்க்கிலிருந்து திரும்பிய ஓர் இரவு, இருக்கைத் திரையில் தரை வேகம் 1,000 கி.மீ.யைத் தாண்டியதைப் பார்த்தேன். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது இழக்கும் நேரம் வரும்போது கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றே இல்லாவிட்டால் 900 கி.மீ. வேகத்தில் ஒரு வழிக்கு 6 மணி 10 நிமிடம், இரு வழிக்கும் 12 மணி 20 நிமிடம். காற்று 100 கி.மீ. வேகத்தில் வீசினால் எதிர்த்துப் போக 6 மணி 56 நிமிடம், அதோடு சேர்ந்து வர 5 மணி 33 நிமிடம். மொத்தம் 12 மணி 29 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது. அதனால் இழந்தது முழுதாகத் திரும்பி வராது. எனக்கு இது புரிந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் வலுவாக இருக்கும். 2020 பிப்ரவரியில் புயலோடு சேர்ந்து வீசிய காற்றில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது! மேற்கே போகும் விமானங்கள் இந்தக் காற்றைத் தவிர்க்க வடக்கே ஒதுங்கிப் போவதும் உண்டு. அப்போது பறக்கும் தூரம் கொஞ்சம் கூடும், ஆனாலும் நேரம் மிச்சம்.

அப்புறம், டிக்கெட்டில் இருக்கும் நேரங்களை அப்படியே கழித்துவிடாதீர்கள். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். நியூயார்க் வழக்கமாக லண்டனைவிட 5 மணி நேரம் பின்னால். பகல் 12 மணிக்குக் கிளம்பி 3 மணிக்குச் சேர்வதாக இருந்தால் பயணம் 8 மணி நேரம். முதல் தடவை நான் இதைத் தவறாகக் கணக்கிட்டு, இறங்கியதும் சரியாகச் சாப்பிடவோ தூங்கவோ முடியாமல் சிரமப்பட்டேன்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரத்தில், ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் இறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு வருவதும் சேர்ந்தே இருக்கும். இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் கிலோமீட்டரை வகுத்துப் பார்க்காமல் அந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.