மாநிலங்களவையில் நிறைவேறிய மசோதா எப்படிக் காலாவதியாகும்?

கேள்வி: மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2010-லேயே மாநிலங்களவையில் நிறைவேறிவிட்டது. அப்படியிருக்க, 2023-ல் ஏன் முதலிலிருந்து மறுபடி கொண்டுவந்தார்கள்?

ஏனென்றால் 2010 மசோதா 2014-லேயே காலாவதியாகிவிட்டது. டிஎன்பிஎஸ்சி வகுப்பில் நான் பாலிட்டி, அதாவது அரசியலமைப்புப் பாடம், எடுக்கிறேன். எந்த மசோதா எப்போது காலாவதியாகும் என்று சொல்லும் சட்டப்பிரிவு 107 வந்தாலே பையன்கள் அட்டவணையாகப் போடச் சொல்வார்கள். அட்டவணையை மனப்பாடம் செய்து பரீட்சையில் மறந்தும் போவார்கள். இந்த ஒரு மசோதாவின் கதை தெரிந்தால் அட்டவணையே தேவையில்லை என்பது என் கட்சி.

1996-ல் தேவகவுடா ஆட்சியில் முதல் மசோதா மக்களவைக்கு வந்தது. கூட்டுக்குழுவுக்குப் போய்த் திரும்பியது. அவை கலைந்தது, மசோதாவும் போனது. 1998-ல் வாஜ்பாய் அரசு கொண்டுவந்தபோது சட்ட அமைச்சர் நம்ம ஊர் தம்பிதுரை. அவர் மசோதாவை எடுக்கும்போதே ராஷ்ட்ரிய ஜனதா தள உறுப்பினர் ஒருவர் பிரதியைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழித்ததால் மசோதா சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைச் சாகடித்தது 1999-ல் மக்களவை கலைந்ததுதான். அதே ஆண்டு இன்னொரு மசோதா வந்தது, 2004-ல் அதுவும் அவையோடு போய்ச் சேர்ந்தது.

மூன்று முறை சூடுபட்ட பிறகு 2008 மே மாதத்தில் மன்மோகன் சிங் அரசு ஒரு வேலை செய்தது. மசோதாவை மக்களவைக்குக் கொண்டுபோகாமல் மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தியது. மாநிலங்களவை எப்போதும் கலைவதில்லை. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓய்வு பெறுவார்கள், அவ்வளவுதான். அங்கே அறிமுகமாகி, அங்கேயே நிலுவையில் இருக்கும், மக்களவை இன்னும் நிறைவேற்றாத மசோதா, மக்களவை கலைந்தாலும் சாகாது. அதனால் 2009 தேர்தல் வந்தது, போனது, மசோதா அசையாமல் இருந்தது.

இந்தப் பாதுகாப்புக்கு ஓர் அபத்தமான பக்கமும் உண்டு. இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர்கள் மக்கள் பிரதிநிதியாக முடியாது என்று சொல்லும் அரசியலமைப்புத் திருத்த மசோதா ஒன்று 1992-ல் மாநிலங்களவைக்கு வந்தது. யாரும் அதை ஓட்டுக்கு விடவில்லை, திரும்பப் பெறவும் இல்லை. ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்தன, அது பல பத்தாண்டுகள் நிலுவைப் பட்டியலிலேயே உட்கார்ந்திருந்தது.

சரி, மகளிர் மசோதாவுக்கு வருவோம். 2010 மார்ச் 9. முந்தைய நாள் அமளிக்காக ஏழு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்து, காவலர்களை வைத்து வெளியேற்றி, பிறகு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 186, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. நாடே கொண்டாடியது. ஆனால் அன்றைக்கே மசோதா பாதுகாப்பான இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. மாநிலங்களவை நிறைவேற்றினால் அடுத்து மக்களவைக்குத்தான் போக வேண்டும். அங்கே நிலுவையில் இருக்கும்போது அவை கலைந்தால், எந்த அவையில் பிறந்தது என்று யாரும் பார்க்கமாட்டார்கள். மசோதாவை எதிர்த்த முலாயம் சிங்கையும் லாலுவையும் பகைத்துக்கொள்ள அரசுக்குத் துணிவில்லை, மக்களவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2014 மே மாதம் அவை கலைந்தது, கதை முடிந்தது. நிறைவேறாமல் கிடந்திருந்தால் பிழைத்திருக்கும்!

திமுகவின் திருச்சி சிவா மாநிலங்களவையில் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவுக்கும் இதே கதிதான். தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, என்றாலே வெள்ளிக்கிழமை பிற்பகலில் பேசிவிட்டு, அமைச்சர் 'அரசே பார்த்துக்கொள்ளும்' என்றதும் திரும்பப் பெறுவதுதான் வழக்கம். அவர் திரும்பப் பெறவில்லை. 2015 ஏப்ரல் 24 அன்று குரல் வாக்கெடுப்பில் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமானதில்லை என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பிறகு அது மக்களவைக்குப் போனது, விவாதம் முடிவதற்குள் 2019 வந்தது, காலாவதி. இதற்கிடையில் அரசு 2016-ல் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து, அதுவும் ஒருமுறை காலாவதியாகி, 2019 டிசம்பரில் ஒருவழியாகச் சட்டமாக்கியது. சிவா கேட்டிருந்த 2 சதவீத வேலைவாய்ப்பு ஒதுக்கீடு அதில் இல்லை.

மக்களவை நிறைவேற்றி, மாநிலங்களவையில் மாட்டிக்கொண்டாலும் இதே முடிவுதான். குடியுரிமைத் திருத்த மசோதா 2019 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. டிசம்பரில் புதிதாகக் கொண்டுவந்து இரண்டு அவைகளிலும் நிறைவேற்றினார்கள். இரண்டு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் மசோதாவுக்கும் கலைப்பால் ஆபத்தில்லை. பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று: கூட்டத்தொடர் முடிவதற்கும் அவை கலைவதற்கும் வித்தியாசம் உண்டு. குளிர்காலக் கூட்டத்தொடரோடு எந்த மசோதாவும் சாகாது, அடுத்த தொடரில் விட்ட இடத்திலிருந்தே எடுப்பார்கள்.

காலாவதியானால் பழைய வாக்குகளுக்கு மதிப்பில்லை; புது எண், புது அறிமுகம், மறுபடி இரண்டு அவை. அதனால்தான் 2023 செப்டம்பரில் 128-வது திருத்த மசோதாவாக மக்களவையில் தொடங்கினார்கள். அங்கே 454-க்கு 2, மறுநாள் மாநிலங்களவையில் 214-க்குப் பூஜ்யம். 2010-ல் விழுந்த அந்த 186 ஓட்டுகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.