அதிக விலை சொன்னோம், வீடு கிடைக்கவில்லை

கேள்வி: மடிப்பாக்கத்தில் பழைய ஃபிளாட்டுக்கு 62 லட்சம் சொன்னோம், 10,000 ரூபாய் டோக்கன் முன்பணம், லோன் கிடைத்து மூன்று மாதத்தில் கிரயம் என்றோம். உரிமையாளர் 60 லட்சம் சொன்ன இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஏன்?

பதில்: அந்த 10,000 ரூபாயும் மூன்று மாதமும்தான் காரணமாக இருக்கும். விற்பவர் பணம் கைக்கு வந்து சேருமா என்றுதான் முதலில் பார்ப்பார். இந்த விலைக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன் தரும், மீதி 12.4 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும், பத்திரத்திலும் இதே மதிப்பு என்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், அதாவது 5.58 லட்சம் தனி. ஆக 18 லட்சம் தயாராக இருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? லோன் மறுக்கப்பட்டால் மூன்று மாதம் அவருக்கு வீண்.

அடுத்த வீட்டுக்குப் போகும்முன் வங்கியில் கடன் அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள். அப்புறம், சமையலறைச் சுவரில் ஓதம் இருந்தால் அந்த வீட்டு அம்மா முன்னால் குறை சொல்லாதீர்கள், அவர் இருபது வருடம் சமைத்த இடம் அது. விலை பேசும்போது தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள்.