வந்தவர்கள் எல்லாம் வாங்க வந்தவர்களா?

அன்புள்ள சார்,

உடன்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா முப்பது வருடமாகக் கருப்பட்டி வியாபாரம் செய்கிறார். இரண்டு வருடம் முன்பு நான் வெப்சைட் ஆரம்பித்தேன். கருப்பட்டி, சில்லுக் கருப்பட்டி, பனங்கற்கண்டு விற்கிறோம். மாதம் 6,000 பேர் சைட்டுக்கு வருகிறார்கள். ஆனால் 30 ஆர்டர்தான் விழுகிறது. கன்வெர்ஷன், அதாவது வந்தவர்களில் வாங்கியவர்கள், அரை சதவீதம். விளம்பரம் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிக்காரர்கள், 'இரண்டு, மூன்று சதவீதமாவது வர வேண்டும், மாதம் 18,000 ரூபாய் விளம்பரம் போதாது, இரண்டு மடங்கு ஆக்குங்கள்' என்கிறார்கள். 'வாங்க' பட்டனைப் பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றி ஏ/பி டெஸ்ட் (பாதிப் பேருக்கு ஒரு நிறம், பாதிப் பேருக்கு இன்னொன்று காட்டி எதில் கூடுதலாக விற்கிறது என்று பார்ப்பது) செய்யலாம் என்றும் சொல்கிறார்கள். ஒபாமா தேர்தலில் ஒரு பட்டனை மாற்றியே கோடிக்கணக்கில் நன்கொடை வந்ததாமே? எஸ்இஓ (கூகுள் தேடலில் சைட்டை மேலே வரவைக்கிற வேலை) நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் கட்டுரை ஒன்று கூகுளில் முதல் பக்கத்தில் வருகிறது. பிறகு எங்கேதான் தப்பு? யார் எந்த வழியாக சைட்டுக்கு வந்தார்கள் என்று காட்டும் அனலிட்டிக்ஸ் ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். (வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குகிறவர்கள் தனி. அது இந்தக் கணக்கில் வராது.)

எண்களைப் போட்டுக்கொள்ளலாம். பெயர் மட்டும் வேண்டாம்.

—

அன்புள்ள தம்பி,

குலசை தசராவுக்குப் போகிற கூட்டத்தில் பாதியாவது உங்கள் அப்பாவின் கடைவீதியைத் தாண்டித்தான் போயிருக்கும். அன்றைக்கு இரவு கல்லாவை எண்ணி, தெருவில் போன தலைகளால் வகுத்து, 'அரை சதவீதம்தான் தேறுது' என்று அவர் என்றைக்காவது கவலைப்பட்டிருக்கிறாரா? காளி வேஷம் கட்டிக்கொண்டு போகிறவர் கருப்பட்டி வாங்க வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். உங்கள் சைட்டுக்கு அது தெரியாது. எல்லாத் தலையையும் எண்ணி உங்களிடம் நீட்டிவிடுகிறது.

ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். 6,000 பேரில் 3,900 பேர் கூகுளில் தேடி, ஒரே ஒரு கட்டுரைக்கு வந்தவர்கள். நீங்கள் பெருமையாகச் சொன்ன கட்டுரைதான்: 'சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டி சாப்பிடலாமா?' அவர்களில் வாங்கியவர்கள் 2 பேர். விளம்பரத்தைத் தட்டி வந்தவர்கள் 1,400 பேர், 9 ஆர்டர். மிச்சம் 700 பேர் உங்கள் முகவரியை நேராக அடித்தோ, யாரோ அனுப்பிய லிங்க்கைத் திறந்தோ வந்தவர்கள். 19 ஆர்டர் அவர்கள் கொடுத்தது. அந்த 700 பேரை மட்டும் வைத்துப் பார்த்தால் கன்வெர்ஷன் 2.7 சதவீதம். ஏஜென்சி கேட்கிற 'இரண்டு, மூன்று' உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, கூட்டத்துக்குள் மறைந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

நாளைக்கே அந்தக் கட்டுரையைத் தூக்கிவிட்டால் உங்கள் கன்வெர்ஷன் 0.5-லிருந்து 1.3-க்கு எகிறிவிடும். ஒரு சிரட்டைக் கருப்பட்டிகூட அதிகமாக விற்றிருக்காது. சொல்லப்போனால் இரண்டு ஆர்டர் குறைந்திருக்கும். யாராவது உங்களிடம் ஒற்றைச் சதவீதத்தைக் காட்டிக் காசு கேட்டால் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையைத் தூக்கச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன். 'சீனிக்குப் பதிலாகச் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே சங்கதி. தாதுச்சத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. கன்வெர்ஷன் கிடக்கட்டும், எங்கோ ஒரு பெரியவர் இதைப் படித்துவிட்டு மூன்று வேளையும் கருப்பட்டிக் காபி குடித்தால் யார் பொறுப்பு? முதலில் அந்த வரியை எடுங்கள்.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். 18,000 ரூபாய்க்கு 9 ஆர்டர், அதாவது ஒரு ஆர்டருக்கு 2,000 ரூபாய் செலவு. உங்கள் சராசரி ஆர்டர் 900 ரூபாய் என்று போனில் சொன்னீர்கள். இதை இரண்டு மடங்கு ஆக்கினால் நஷ்டமும் இரண்டு மடங்கு ஆகும். இதற்கு அனலிட்டிக்ஸ்கூட வேண்டாம், அப்பாவிடம் கேட்டாலே சொல்லியிருப்பார்.

எதனால் இப்படி என்பதை, நான் கேட்டு நீங்கள் பிறகு அனுப்பிய சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட்டில் பார்த்தேன். ஆட்கள் என்ன அடித்தபோது உங்கள் விளம்பரம் வந்தது என்று அது வரி வரியாகக் காட்டும். மாதம் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டியது அதைத்தான். உங்களுடையதில் மேலே இருந்தவை: 'கருப்பட்டி மிட்டாய் செய்வது எப்படி', 'கருப்பட்டி காபி கடை அருகில்', 'பனை மரம் ஏறும் கருவி'. பைபாஸில் வண்டியை நிறுத்தி ஒரு காபிக்குக் கடை தேடுகிறவர் உங்கள் விளம்பரத்தைத் தட்டுகிறார், நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், அவர் திரும்பிப் போய்விடுகிறார். 'கருப்பட்டி' என்ற ஒற்றைச் சொல்லை பிராட் மேட்ச்சில் விட்டிருக்கிறார்கள். ஓரளவுக்குச் சம்பந்தம் இருந்தாலே போதும், கூகுள் விளம்பரத்தைக் காட்டிவிடும். செய்முறை, கடை, அருகில், கருவி இவற்றையெல்லாம் நெகட்டிவ் கீவேர்டாக (இந்தச் சொல் வந்தால் விளம்பரம் காட்டாதே என்று) போடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. இரண்டு வருடமாக யாரும் செய்யவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். விளம்பரத்தில் வந்த 9 ஆர்டரில் 5 பேர் கூகுளில் அடித்தது உங்கள் கடைப் பெயரையே. விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர்கள் உங்களிடம்தான் வந்திருப்பார்கள். இது என் ஊகம் மட்டும் இல்லை. 2012-ல் அமெரிக்காவில் இபே என்ற ஆன்லைன் விற்பனை நிறுவனம் தன் சொந்தப் பெயருக்குக் கொடுத்துவந்த தேடல் விளம்பரங்களை யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர், கீழே இலவசமாகத் தெரிந்த சாதாரண முடிவைத் தட்டி வந்து சேர்ந்துவிட்டார்கள். உங்கள் பெயருக்குப் போட்டிக்காரர் யாரும் விளம்பரம் போடவில்லை என்றால் (கூகுளில் அடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்) அந்தச் செலவை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். ஏஜென்சிக்குப் பிடிக்காது, ஏனென்றால் அவர்கள் ரிப்போர்ட்டில் ரொம்ப அழகாகத் தெரிவது அந்த வரிதான்.

ஒபாமா கதை உண்மைதான். ஆனால் சொல்கிறவர்கள் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். 2007 டிசம்பரில் அவருடைய பிரசாரத் தளத்தின் முகப்பில் 4 வகைப் பட்டனையும் 6 வகைப் படம், வீடியோவையும் கலந்து 24 ஜோடிகளாகக் காட்டினார்கள். பழைய முகப்பில் 8.26 சதவீதம் பேர் ஈமெயில் கொடுத்துப் பதிவு செய்தார்கள், ஜெயித்த ஜோடியில் அது 11.6 ஆனது. ஜெயித்தது ஆரஞ்சும் இல்லை, பச்சையும் இல்லை, பட்டனில் இருந்த 'மேலும் அறிய' என்ற வாசகமும் ஒரு குடும்பப் படமும். குழுவில் இருந்தவர்கள் நம்பிக்கை வைத்திருந்த வீடியோ, அசையாத படங்களிடம் தோற்றுப்போனது. அப்புறம், அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 3,10,382 பேர். கேட்டது ஈமெயில்தான், பணம் இல்லை. கோடிக்கணக்கு என்பது அதை வைத்துப் பின்னால் போட்ட மதிப்பீடு.

உங்கள் கதை வேறு. ஏறக்குறைய ஒரு சதவீதம் பேர் வாங்குகிற கடையில், பட்டன் நிறத்தால் அது 1.2 ஆனதா என்று நம்பிச் சொல்ல ஒவ்வொரு நிறத்துக்கும் சுமார் 40,000 பேர் வேண்டும். இரண்டு நிறத்துக்கு 80,000. கட்டுரை வாசகர்களைக் கழித்தால் உங்கள் கடைக்குள் வருவது மாதம் 2,100 பேர். மூன்று வருடம் கழித்துத்தான் ஆரஞ்சா பச்சையா என்று தெரியவரும். அதற்கு முன்னால் 'இந்த வாரம் ஆரஞ்சில் 6, பச்சையில் 3, இரண்டு மடங்கு சார்' என்று யாராவது சொன்னால், அது சோழி உருட்டிப் பார்ப்பதுதான்.

டெஸ்ட்டுக்குப் பதிலாக நான் ஒரு காரியம் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய போனில், வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் சைட்டில் கருப்பட்டி வாங்கப் பார்த்தேன். முகப்பில் பனங்காட்டுப் படம் ஒன்று வைத்திருக்கிறீர்களே, அது முழுதாக வர 11 விநாடி ஆனது. பெரிய படமோ தலைப்போ கண்ணுக்குத் தெரிய 2.5 விநாடிக்குள் இருந்தால்தான் கூகுள் 'நல்லது' என்கிறது. கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், சுருக்கிப் போடுங்கள். பிறகு ஒரு கிலோ, 480 ரூபாய். கூடையில் போட்டேன். 'அக்கவுண்ட் தொடங்கவும்' என்றது. பெயர், ஈமெயில், பாஸ்வேர்டு, திரும்பவும் பாஸ்வேர்டு. ஓடிபி வரவில்லை, இரண்டாம் முறை வந்தது. முகவரி, பின்கோடு எல்லாம் அடித்து முடித்து, பணம் கட்டுகிற கடைசிப் பக்கத்தில் 480 திடீரென்று 620 ஆகிவிட்டது. கூரியர் 140. அதுவரை எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. எனக்கே கோபம் வந்தது, நான் வாங்குவதாக முடிவுசெய்து வந்தவன்.

ஆன்லைன் கடைகளில் கூடையில் போட்டவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வாங்காமல் போகிறார்கள் என்று பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளின் சராசரியாகச் சொல்கிறது. கேட்டால் முதலில் சொல்கிற காரணங்களில் ஒன்று, கடைசியில் ஏறுகிற கட்டணம். கட்டாய அக்கவுண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. ஜாரெட் ஸ்பூல் என்பவர் 2009-ல் எழுதியது இந்தத் தொழிலில் பிரசித்தம்: ஒரு பெரிய கடையின் சைட்டில் 'ரிஜிஸ்டர்' பட்டனை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்து, அக்கவுண்ட் தேவையில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். உங்களுக்கு அவ்வளவு கூடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு டெஸ்ட் தேவையில்லை, கல்லைக் காலில் இடித்துப் பார்த்துத்தான் கல் என்று தெரிய வேண்டுமா? பெயர், போன் நம்பர், முகவரி போதும். கூரியரையும் சேர்த்தே விலை போடுங்கள். 'இரண்டு கிலோ, வீடு வந்து சேர 1,150' என்று இருந்தால் யாரும் மனக்கணக்குப் போட மாட்டார்கள்.

எஸ்இஓவில் நீங்கள் கவலைப்படாத இடத்தில்தான் ஓட்டை. நோய்க் கட்டுரை முதல் பக்கத்தில் நிற்கிறது, விற்கிற பக்கத்தின் தலைப்போ 'ப்ராடக்ட் 03'. கூகுள் அதைக் கருப்பட்டி என்று எப்படிப் புரிந்துகொள்ளும்? என்ன தேடியபோது உங்கள் சைட் கூகுளில் தெரிந்தது என்று காட்டும் சர்ச் கன்சோல் இலவசம், திறந்து பாருங்கள். கருப்பட்டி, பனங்கருப்பட்டி, பனைவெல்லம், ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமான ஸ்பெல்லிங் என்று ஆட்கள் தேடுவது தெரியும். வாங்குகிற எண்ணத்தில் இருக்கிறவர் அடிப்பது 'ஒரு கிலோ விலை', 'ஒரிஜினல் கருப்பட்டி கண்டுபிடிப்பது எப்படி' மாதிரி. இரண்டாவதுதான் உங்கள் சொத்து. சீனிப்பாகு கலந்திருக்குமோ என்கிற பயம் இல்லாமல் கருப்பட்டி வாங்குகிறவர் இன்றைக்கு யார்? உடைத்தால் உள்ளே எப்படி இருக்கும், நக்கினால் ஓரத்தில் என்ன சுவை தெரியும், மழைக்காலத்தில் ஏன் கசியும் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதுங்கள். பதநீர் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றுகிறதை உங்கள் போனிலேயே எடுத்துப் போடுங்கள். உணவு உரிமத்தின் 14 இலக்க எண்ணை அடியில் பொடி எழுத்தில் ஒளிக்காமல் விலைக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்பா சொல்லி எழுதிய பக்கத்திலிருந்து 'ப்ராடக்ட் 03'-க்கு ஒரு லிங்க், அதன் தலைப்பையும் மாற்றிவிட்டு.

எண்ணுவதிலும் கவனம் வேண்டும். பல வருடம் முன்பு நான் ஒரு கடைக்கு இந்த வேலை பார்த்தபோது, ஒரு மாதம் ஆர்டர் ஒன்றரை மடங்கு ஆனது. கேக் வாங்கி வெட்டினோம். மூன்றாம் நாள் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அம்மா வந்து, 'இதுக்கான பணம் எந்த பேங்க்ல விழுது?' என்று கேட்டார். ஆர்டர் எண்ணைப் பார்க்க ஆட்கள் 'நன்றி' பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார்கள், திறக்கும்போதெல்லாம் ஒரு விற்பனை என்று நாங்கள் எண்ணியிருக்கிறோம். ஆர்டர் எண்ணையும் சேர்த்து அனலிட்டிக்ஸுக்கு அனுப்பினால் இந்த இரட்டைக் கணக்கு வராது. உங்கள் டெவலப்பரிடம் கேளுங்கள். வங்கிக் கணக்கோடு மாதம் ஒருமுறை ஒத்துப்பார்ப்பதையும் விடாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட வரி. 'வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குகிறவர்கள் தனி.' எத்தனை பேர் என்று போனில் கேட்டதற்கு, 'மாசம் ஒரு 50 இருக்கும் சார், அது அப்பா பார்க்கிறார்' என்றீர்கள். தம்பி, சைட்டில் விழுவதைவிட அது அதிகம்! அந்த நம்பர் அவர்களுக்கு எங்கே கிடைத்தது? சைட்டில் விலை பார்த்து, அக்கவுண்ட் கேட்டதும் வெறுத்துப்போய், கீழே இருந்த நம்பருக்கு அடித்தவர்கள் அதில் எத்தனை பேர்? விளம்பரம் பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர்? விளம்பரக் கணக்கில் நான் மேலே திட்டியதில் கொஞ்சம் இதனால் மாறக்கூடும். சைட்டில் இருக்கிற வாட்ஸ்அப் பட்டனைத் தட்டுவதையும் அனலிட்டிக்ஸில் ஒரு கீ ஈவென்ட்டாக (தனியாக எண்ண வேண்டிய முக்கியச் செயலாக) குறித்துவிடுங்கள். அப்பாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்து, கேட்கிற ஒவ்வொருவரிடமும் 'நம்ம நம்பர் எங்க பாத்தீங்க?' என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள், விளம்பரத்தைப் பற்றி அப்போது பேசலாம். அதுவரை ஏஜென்சிக்கு ஒரு ரூபாய்கூட ஏற்ற வேண்டாம்.

என் ஆர்டர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 620-ஐப் பார்த்ததும் மூடிவிட்டு, நானும் அந்த நம்பருக்குத்தான் மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அப்பா வாய்ஸ் நோட் அனுப்பினார்: 'ரெண்டு கிலோவா எடுத்துக்கோங்க, கூரியர் நான் பாத்துக்கிறேன்.' செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அவருடைய நோட்டில் முதல் வரியாக என்னையே எழுதச் சொல்லுங்கள்.