ஈறில் ரத்தம் வந்தால் பிரஷை விலக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அதனால் ஈறில் படாமல், பல்லை மட்டும் ஹார்டு பிரஷால் நன்றாக அழுத்தித் தேய்க்கிறேன். இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுகிறது. என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: ரத்தத்துக்குப் பயந்து நீங்கள் ஒதுக்கிய இடம்தான் முக்கியமாகச் சுத்தமாக வேண்டிய இடம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சின்னப் பள்ளம் ஒன்று உண்டு. ஆரோக்கியமான ஈறில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். கிருமிப் படலம் அங்கே தங்கினால் ஈறு வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். அந்தப் படலம் நகத்தால் வழித்தாலே வந்துவிடும் அளவுக்கு மிருதுவானது. அதற்குப் பலம் தேவையில்லை, பிரஷ் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும்.

முதலில் 'சாஃப்ட்' என்று போட்ட, தலை சிறிய பிரஷாக வாங்குங்கள். நார்கள் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி, ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். மேல்பல்லுக்கு நார் மேல் நோக்கியும், கீழ்ப்பல்லுக்குக் கீழ் நோக்கியும் இருக்க வேண்டும். நார் நுனியை இடத்தைவிட்டு நகர்த்தாமல், பிரஷை லேசாக முன்னும் பின்னும் அதிரச் செய்யுங்கள். பத்துப் பதினைந்து அசைவுக்குப் பிறகு ஈறிலிருந்து பல் நுனிவரை ஒரு வழிப்பு. அப்புறம் அடுத்த இரண்டு மூன்று பற்கள். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் சொன்ன முறையை ஒட்டியது இது. பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் தானாகவே அழுத்தம் குறையும். வரட் வரட்டென்று சத்தம் கேட்டால்தான் சிலருக்குத் திருப்தி! உங்கள் பிரஷின் நார்கள் சில வாரங்களிலேயே விரிந்துவிடுகின்றனவா? அப்படியென்றால் அழுத்தம் அதிகம்.

கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை மறக்காதீர்கள். அங்கே எச்சில் சுரப்பிகள் திறப்பதால் காரை, அதாவது இறுகிக் கல்லாகிப்போன கிருமிப் படலம், சீக்கிரம் படியும். அதற்கு பிரஷைச் செங்குத்தாகப் பிடியுங்கள். காலையும் இரவும் இரண்டு நிமிடம் போதும். பல் இடுக்குக்கு ஃப்ளாஸ் (இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூல்) அல்லது இடுக்கு பிரஷ் வேண்டும்.

முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும், நிறுத்தாதீர்கள். ஓரிரு வாரத்தில் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் காரை இறுகியிருக்கும். எந்த பிரஷாலும் அது வராது, பல் மருத்துவர் கருவியால் காரையை அகற்றும் ஸ்கேலிங் செய்ய வேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பது வீண் பயம்.

கூச்சத்துக்கு, ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிவது காரணமாக இருக்கலாம். இறங்கிய ஈறு தானாக ஏறாது. அழுத்தத்தைக் குறைத்தால் மேலும் இறங்காமல் காக்கலாம். கூச்சத்துக்கான ஃப்ளோரைடு பேஸ்டைச் சில வாரம் தொடர்ந்து பயன்படுத்திப் பாருங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ அதையும் சொல்லிவிடுங்கள்.