அம்மாக்கு கவுன்சிலிங் சரிவரேல்ல, என்ன செய்யிறது?

வணக்கம் அக்கா. நாங்கள் முல்லைத்தீவு ஆக்கள், இப்ப ஸ்கார்பரோவில இருக்கிறம். 2009 மே மாசம் முள்ளிவாய்க்காலால வெளியில வரேக்க, விசாரிச்சிட்டு விடுறம் எண்டு அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனவை, இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அம்மா நித்திரை இல்லை, நெஞ்சு எரியுது, கால் விறைக்குது எண்டு ஒரே சொல்லுவா, டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, ஒண்டும் இல்லையாம். ஃபேமிலி டொக்டர் இது பிடிஎஸ்டி, பயங்கரமான சம்பவத்துக்குப் பிறகு வாற மனப்பாதிப்பு எண்டு சொல்லி தெரபிஸ்டிட்ட அனுப்பினார். அந்தப் பிள்ளை நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்கோ எண்டு கேக்க, அம்மா "எனக்கென்ன விசரே" எண்டு எழும்பி வந்திட்டா. வெள்ளிக்கிழமை கோயில், இடைக்கிடை சாத்திரம், அண்ணான்ர படத்துக்கு மாலை போடவும் விடமாட்டா. அவன் இனி வரமாட்டான் எண்டு நாங்களே சொல்லி விளங்கப்படுத்தவா?

பதில்:

வேண்டாம் தங்கச்சி, அதுக்கு வெளிக்கிடாதேங்கோ. உடம்பைக் காணாத தாய்க்கு, மகன் செத்திட்டான் எண்டு ஒத்துக்கொள்ளுறது தானே அவனைக் கைவிட்ட மாதிரி. பிடிஎஸ்டி எண்ட பேர் 1980ல அமெரிக்காவில வந்தது, வியட்நாமால திரும்பின சிப்பாய்களின்ர பாடு அதுக்கு ஒரு பெரிய காரணம், சண்டை முடிஞ்சுது நினைவுதான் விடுகுதில்லை எண்ட கணக்கு. உங்கட அம்மாக்கு ஒண்டும் முடியேல்லயே! போலின் பாஸ் எண்ட அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவில்லாத இழப்பு எண்டுவா, வருவான், வராமலும் விடலாம் எண்டு ரெண்டையும் சேத்து வைச்சுக்கொண்டு வாழப் பழகிறதுதான் அவ சொல்லுற வழி.

நெஞ்செரிவு நடிப்பில்லை. எங்கட சனம் மனசு நோகேக்க உடம்பைத்தான் சொல்லும். யாழ்ப்பாணத்தில கனகாலம் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் ஆளை மட்டுமில்லை குடும்பத்தையும் ஊரையும் சேத்து உடைக்குது எண்டு எழுதினவர், மந்திரம் உருப்போடுறது மாதிரி சனத்துக்குப் பழக்கமானதுகளையும் சிகிச்சையில சேத்தவர். அதால கோயிலை மறிக்காதேங்கோ. சாத்திரக்காரர் ஆளைக் கொண்டுவாறன் எண்டு ஆயிரக்கணக்கில காசு கேட்டால் மட்டும் மறியுங்கோ.

தெரபிஸ்டில பெரிசா பிழை இல்லை, அவசரப்பட்டிட்டா. மனநோய்களை வகைப்படுத்துற அமெரிக்கக் கையேடு, 2013ல வந்த டிஎஸ்எம் 5லயே பண்பாட்டுப் பின்னணியை விசாரிக்க 16 கேள்வி இருக்கு, இந்தப் பிரச்சினையை நீங்கள் எப்பிடிச் சொல்லுவீங்கள், ஏன் வந்தது எண்டு நினைக்கிறீங்கள், ஆர் உதவி செய்தவை எண்டெல்லாம். அதில இருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கோ. தமிழ் தெரிஞ்ச ஆள் இல்லாட்டி மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு கேளுங்கோ, நீங்கள் போய் இருந்து மொழிபெயர்க்காதேங்கோ, மகளுக்கு முன்னால சில கதை அம்மா வாயால வராது. நித்திரைக்கு டொக்டர் குளிசை தந்தா எடுக்கட்டும், அதுவும் கோயிலும் ஒண்டுக்கொண்டு எதிரியில்லை.

சாப்பாட்டை விட்டாலோ, செத்தா நல்லம் எண்டு கதைச்சாலோ மட்டும் அப்பொயின்ட்மென்ட் வரும்வரை பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, கனடாவில எந்த நேரமும் தற்கொலைத் தடுப்பு உதவி நம்பர் 988க்கு அடிக்கலாம்.