வெள்ளை வேட்டியின் நிழல் என்ன நிறம்?

கேள்வி: வளவில் வேட்டி விரித்து ஆச்சிமார் வடகம் பிழிவதை இம்ப்ரெஷனிசப் பாணியில் (அந்த நேரத்து வெளிச்சத்தைப் பிடிக்கும் பாணி) எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். வேட்டியின் நிழல் அழுக்காகத் தெரிகிறது. ஆட்களும் பொம்மைபோல் இருக்கிறார்கள். ஏன்?
– வாசகி, காரைக்குடி

பதில்: நிழலுக்குக் கறுப்பு கலந்திருப்பீர்கள். திறந்த முற்றத்தில் வெள்ளைத் துணியின் நிழலில் வானத்து நீலம்தான் விழும். வெள்ளை எட்டுப் பங்கு, அல்ட்ராமரின் நீலம் ஒரு பங்கு, துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கலந்து பாருங்கள். பக்கத்தில் சிவப்பு ஆத்தங்குடித் தரைக்கல் இருந்தால் அதன் நிறம் துணி விளிம்பில் ஏறும், அதை விட்டுவிடாதீர்கள். 45 நிமிடத்துக்குள் வெயில் நகர்ந்துவிடும். நிறுத்திவிட்டு மறுநாள் அதே நேரத்தில் தொடருங்கள்.

ஆட்களுக்கு, பிரெஞ்சு ஓவியர் தெகா 1880களின் நடுவில் வரைந்த இஸ்திரி போடும் இரு பெண்களைப் பாருங்கள் (பாரிஸ், ஓர்சே அருங்காட்சியகம்). ஒரு பெண் கையில் புட்டியோடு கொட்டாவி விடுகிறாள். இன்னொருத்தி இரு கையாலும் பெட்டியை அழுத்துகிறாள். குனிந்த தலை தோளுக்குள் புதைந்திருக்கிறது. ஓவியம் தீட்டிய முரட்டுத் துணியில் மெல்லிய பூச்சு, நெசவே தெரியும். அந்த அலுப்பை அவர் அழகுபடுத்தவே இல்லை, எவ்வளவு பெரிய மரியாதை அது! நீங்களும் முகத்தைக் கடைசிக்கு வைத்து, அச்சை அழுத்தும் ஆச்சியின் தோளிலிருந்து கோட்டைத் தொடங்குங்கள்.